ஒரு லீற்றருக்கு ஒரு பக்கற்: ஆய்வுகூடம் இல்லாத வகுப்பில் பிரசாரணம்

க.பொ.த சாதாரண தர விஞ்ஞானத்தில் பிரசாரணம் ஒரு சிறிய பகுதி. வினாத்தாளில் வந்தால் இரண்டு வரி வரைவிலக்கணம், ஒரு படம், அத்தோடு முடிந்துவிடும். தேர்ந்து புகவிடும் மென்சவ்வு ஒன்றினூடாக நீர் மூலக்கூறுகள் நீர்ச்செறிவு கூடிய பகுதியிலிருந்து குறைந்த பகுதிக்குச் செல்லுதல் என்று எமது மாணவர்கள் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். ஆனால் கிணறு உவர்த்துப்போன காணியில், தண்ணீர் நிற்கும் பாத்தியிலேயே மிளகாய்க்கன்று ஏன் வாடுகிறது என்று கேட்டால் அதே மாணவர்கள் பேசாமல் நிற்பார்கள். ஒப்புவித்ததும் கன்று வாடியதும் ஒரே விடயம்தான் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில், கடலை அண்டிய பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஆய்வுகூடம் என்று ஓர் அறை இருக்கிறது. அதற்குள் உடைந்த கதிரைகளும் பழைய வினாத்தாள்களும் இருக்கின்றன. மீளக் குடியேறிய பிரதேசங்களில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது புதினமில்லை. நல்லவேளையாக, பிரசாரணத்துக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. குசினியும் கிணற்றடியும் போதும். வகுப்பில் நான் செய்து பார்த்தவற்றை, மற்ற ஆசிரியர்களுக்கும் வீட்டில் தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் சொல் பற்றி ஒரு குறிப்பு. எமது பாடநூல்களில் இது பிரசாரணம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சவ்வூடு பரவல். நாங்கள் கலம் என்பதை அவர்கள் செல் என்கிறார்கள். தமிழகத்து முகாம்களில் படித்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இந்த இரண்டு சொற்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள். தெரிந்த பாடத்தையே தெரியாது என்று நினைத்துக்கொண்டு பின்வாங்கில் ஒதுங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னுமொன்று, சவ்வூடு பரவல் என்ற சொல் தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது. வரைவிலக்கணம் மறந்துபோகும் மாணவருக்கு அது ஒரு பிடிமானம்.

திசையில்தான் குழப்பம்

இந்தப் பாடத்தில் மாணவர்கள் தடக்குப்படும் இடம் ஒன்றே ஒன்று: நீர் எந்தப் பக்கம் போகும்? செறிவு என்றதும் அவர்கள் மனதில் வருவது உப்பின் செறிவு, சீனியின் செறிவு. பாடநூல் சொல்வதோ நீரின் செறிவு. கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு என்று மனனம் செய்தவர், உப்பு கூடிய இடத்திலிருந்து நீர் வெளியே வரும் என்று தலைகீழாக எழுதிவிடுவார்.

ஆகவே எந்தப் பரிசோதனையைத் தொடங்குவதற்கும் முன்னர் மூன்று கேள்விகள் கேட்பேன். மென்சவ்வு எங்கே இருக்கிறது? அதன் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது? எந்தப் பக்கத்தில் கரைந்த பொருள் கூட? கரைந்த பொருள் கூடிய பக்கத்தில் நீருக்குரிய இடம் குறைவு. தேறிய நீர் அந்தப் பக்கம்தான் போகும். மாணவர் விடையைக் கொப்பியில் எழுதிய பிறகுதான் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றலாம். பார்த்த பிறகு எழுதினால் எல்லோரும் சரியாகவே எழுதுவார்கள், அதில் படிப்பு இல்லை.

தேறிய என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. நீர் மூலக்கூறுகள் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டேதான் இருக்கின்றன. வற்றாப்பளை அம்மன் பொங்கலன்று கோயில் வாசலில் நின்று பார்த்தால் இது விளங்கும். எந்த நேரமும் சனம் உள்ளே போகும், வெளியே வரும். பின்னேரத்தில் உள்ளே போகிறவர்கள் கூட, ஆகவே வீதி நிறைகிறது. வருவோரும் போவோரும் சமமானால் கூட்டம் மாறாது. ஆனால் ஒருவரும் அசையாமல் நிற்பதாக அர்த்தமில்லை. இரு பக்கமும் சமமானதும் நீர் நின்றுவிடும் என்று எழுதும் மாணவருக்கு இந்த உதாரணத்தைச் சொல்லலாம்.

வரலாறு வேண்டுமென்றால் நீட்டத் தேவையில்லை. 1748 இல் பிரான்சில் நொலே என்ற பாதிரியார் மதுசாரம் நிரப்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டி நீருக்குள் வைத்தார். தோல் ஊதிப் புடைத்தது. மென்சவ்வினூடாக நீர் இவ்வளவு விரைவாக எப்படிப் போகிறது என்பதற்கு விடை வர இரண்டரை நூற்றாண்டு எடுத்தது. கலமென்சவ்வில் நீருக்கென்றே இருக்கும் புரத வாய்க்கால்களைக் கண்டறிந்த பீற்றர் ஏகர் 2003 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கங்குன் தண்டும் அவித்த கிழங்கும்

கங்குன் தண்டை விட மலிவான ஆய்வு உபகரணத்தை நான் கண்டதில்லை. விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையை விட்டுவிட்டு மறுமுனையிலிருந்து நெடுக்காக நான்காகக் கீறுங்கள். இப்படி இரண்டு துண்டுகள் வேண்டும். ஒன்றைச் சாதாரண நீரிலும், மற்றதை ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்த கரைசலிலும் போடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நீரிலிருக்கும் தண்டு பூ விரிவது போல வெளிப்பக்கமாகச் சுருளும். உப்புக் கரைசலில் இருப்பது துவண்டு கிடக்கும்.

ஏன் வெளிப்பக்கமாக? தண்டின் வெளித்தோற் கலங்களின் சுவர் தடித்தது, மெழுகு பூசியது; இலகுவில் நீளாது. உள்ளேயுள்ள மென்மையான கலங்கள் நீரை எடுத்துப் பருத்து நீள்கின்றன. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாவிட்டால் வளையத்தான் வேண்டும். இதை நானாகச் சொல்வதில்லை. தண்டை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லி, எந்தப் பக்கம் வழுவழுப்பு என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். இரண்டாம் வாங்கிலிருந்து யாராவது சொல்லிவிடுவார்கள்.

அடுத்ததாக இரண்டையும் இடம் மாற்றுங்கள். சுருண்டது தளரும், துவண்டது சுருளும். முக்கியமான பகுதி இதுதான். நீர் போன வழியே திரும்பி வருகிறது, கலம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஒரு துண்டை மட்டும் கடுமையான உப்புக் கரைசலில் அடுத்த நாள் வரை விட்டுவிட்டு, பிறகு நல்ல நீருக்கு மாற்றிப் பாருங்கள். அது திரும்பி வராது. ஏன் என்ற கேள்வியை வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

உருளைக்கிழங்குக் கிண்ணம் எல்லோருக்கும் தெரிந்த பரிசோதனை. கிழங்கின் அடிப்பக்கத்தோலைச் சீவி, மேலே குழி தோண்டி, குழிக்குள் ஒரு தேக்கரண்டி சீனி போட்டு, தட்டத்தில் நீர் ஊற்றி வைப்பது. சில மணித்தியாலத்தில் குழிக்குள் பாகு நிறையும். ஆனால் பல வகுப்புகளில் இரண்டாவது கிழங்கு வைக்கப்படுவதில்லை. அவித்த கிழங்கில் அதே குழி, அதே சீனி. சீனி ஈரலிக்கும், கரைந்து ஊறும், குழி நிறையாது. அவித்தபோது கலமென்சவ்வுகள் சிதைந்துவிட்டன. சீனி தானாகவே தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கும் மாணவருக்கு இந்த அவித்த கிழங்குதான் பதில். சீனி இரண்டிலும் இருந்தது. மென்சவ்வு ஒன்றில்தான் இருந்தது. கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்றால் என்ன என்பதையும் இதிலேயே படிப்பித்துவிடலாம், அதற்கென்று தனிப் பாடவேளை வேண்டியதில்லை.

தராசு இல்லாத இடத்தில் அடிமட்டம் போதும். கிழங்கைச் சரியாக 5 சென்ரிமீற்றர் நீளக் கீலங்களாக வெட்டி, வெவ்வேறு செறிவுள்ள உப்புக் கரைசல்களில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைத்துவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். சாதாரண நீரில் ஓரிரு மில்லிமீற்றர் கூடும், கீலம் விறைப்பாக இருக்கும். கடல்நீருக்குக் கிட்டிய செறிவில் (200 மில்லிலீற்றர் நீரில் ஒரு மட்டமான தேக்கரண்டி உப்பு) அது குறுகி, விரலில் தொங்கப்போட்டால் வளையும். இரண்டுக்கும் இடையில், நீளம் மாறாத ஒரு செறிவு இருக்கும். பெரும்பாலும் அரை வீதத்துக்கும் ஒரு வீதத்துக்கும் இடையில் அது விழும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைன் 0.9 வீத உப்புக் கரைசல், அதாவது லீற்றருக்கு 9 கிராம் என்று அப்போது சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சேலைன் போத்தலைக் காணாத குடும்பம் எங்கள் பக்கத்தில் இல்லை. அதற்குள் ஏன் வெறும் நீர் இல்லை என்ற கேள்வியும் அங்கேயே பிறக்கும். வெறும் நீரை நாளத்தில் ஏற்றினால் செங்குருதிக் கலங்கள் நீரை எடுத்து ஊதி வெடிக்கும். கங்குனுக்குக் கலச்சுவர் இருக்கிறது, அது தாங்கும். குருதிக் கலத்துக்குச் சுவர் இல்லை.

வினாகிரியில் இரண்டு நாள் ஊறவைத்து ஓடு கரைத்த முட்டையும் நல்ல பரிசோதனைதான். நீரில் பருக்கும், சீனிப் பாகில் சுருங்கும், கையில் எடுத்துப் பார்க்கலாம். முட்டை விற்கும் விலையில் ஒரு வகுப்புக்கு ஒன்று போதும். பள்ளியில் ஒரே ஒரு நுணுக்குக்காட்டி உயிரோடு இருந்தால் அதை றியோ இலையின் ஊதா நிறத் தோலுக்கு ஒதுக்குங்கள். உப்புக் கரைசல் ஒரு துளி பட்டதும் ஊதா நிறப் பகுதி கலச்சுவரை விட்டுச் சுருங்குவதை மாணவர் கண்ணால் பார்ப்பார். முதலுருச்சுருக்கம் என்ற நீண்ட சொல்லை அதற்குப் பிறகு அவர் மறக்கமாட்டார்.

பிரசாரணம் அல்லாதவை

எதையெல்லாம் பிரசாரணம் என்று சொல்லக் கூடாது என்பதும் பாடத்தின் பாதி. தேயிலைச் சாயம் சுடுநீரில் பரவுவது வெறும் பரவல். மாரியில் கதவு இறுகுவதும், ஊறவைத்த கடலை முதல் மணித்தியாலங்களில் பருப்பதும் பெரும்பாலும் உலர்ந்த பொருள் நீரை ஊறிக்கொள்வதால் நடப்பவை. பொங்கலுக்குப் போடும் முந்திரிகை வற்றல் நீரில் ஊதுவது பிரசாரணம். கருவாடு இரண்டுங்கெட்டான். உப்புப் பூசியதும் மீனிலிருந்து நீர் வடிவதில் பிரசாரணத்துக்கும் பங்கு உண்டு, உப்பு உள்ளே பரவுவதற்கும் பங்கு உண்டு. மீனைப் பழுதாக்கும் பற்றீரியாக்களிலிருந்து நீரை இழுத்து அவற்றை அடக்குவது பிரசாரணமே.

நெடுநேரம் நீரில் நின்றால் விரல் நுனி சுருங்குவதைப் பிரசாரணத்துக்கு உதாரணமாகச் சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. நரம்புகள் தூண்டி, விரல் நுனியிலுள்ள குருதிக் கலன்களை ஒடுங்கச் செய்வதால் தோல் உட்குழிந்து மடிப்பு விழுகிறது. நரம்பு அறுந்த விரல் நீரில் சுருங்குவதில்லை என்பதை வைத்தியர்கள் 1930களிலேயே கவனித்திருந்தார்கள். பிரசாரணம் மட்டும்தான் காரணமென்றால் நரம்பு இருந்தாலென்ன, அறுந்தாலென்ன, தோல் ஒரே மாதிரித்தானே சுருங்க வேண்டும்? இதை நான் தரம் 10 இல் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஓம் சேர், எங்கட மாமாவின்ர வலது கையில ரெண்டு விரல் சுருங்கிறேல்லை. ஷெல் பீஸ் பட்ட கை" என்றாள். வகுப்பில் வேறு இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் மேலே எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகச் சொல்வதைக் கேட்கலாம். பாடத்துக்கு உதாரணம் வேண்டும் என்பதற்காக அவர்களுடைய வீட்டுக் காயத்தைத் தோண்டக் கூடாது என்பது என் கொள்கை.

உவர்க் கிணறும் வாடும் கன்றும்

வேர்மயிர்க் கலத்தின் உட்புறம் மண்நீரை விடக் கரைபொருள் கூடியது. அதனால்தான் நீர் வேருக்குள் வருகிறது. மண்நீர் உவர்த்தால் இந்த வித்தியாசம் குறைகிறது. மிக உவர்த்தால் திசையே மாறுகிறது. பாத்தியில் நீர் நின்றாலும் கன்றுக்கு அது வறட்சிதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரக் காணிகளில் இதை எல்லோரும் கண்டார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீர், இறைப்பு இயந்திரத்தால் அளவுக்கு மீறி இறைக்கப்படும்போது கீழிருந்து உவர் மேலேறுவதும் இதே விளைவைத் தருகிறது. (நன்னீர் மேலே மிதப்பதற்குக் காரணம் அடர்த்தி, பிரசாரணம் அல்ல. மாணவர் இரண்டையும் கலந்துவிடுவார்கள்.)

இதற்கு ஐந்து நாள் பரிசோதனை ஒன்று. ஐந்து சிரட்டைகள், அவற்றில் பஞ்சு, ஒவ்வொன்றிலும் இருபது பயறு. ஒன்றுக்கு நல்ல தண்ணீர், ஒன்றுக்கு முழுக் கடல்நீர், இடையிலுள்ள மூன்றுக்குக் கால், அரை, முக்கால் பங்கு கடல்நீர். முளைத்தவற்றை எண்ணி வரைபு வரையச் சொல்லுங்கள். முழுக் கடல்நீரில் ஒன்றும் முளைக்காது. எந்தப் பங்கில் முளைப்பு விழத் தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும். தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் ஆறாவது சிரட்டையாக வைக்க விரும்புவார்கள். வைக்கட்டும்.

வெங்காயத்துக்கு யூரியா போட்டதும் உடனே தண்ணீர் கட்டுகிறார்களே, ஏன் என்று கேளுங்கள். விவசாயம் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடைமுறை தெரியும், காரணம் தெரியாது. கரையாமல் வேரடியில் கிடக்கும் பசளை, கரைசலைக் கடுமையாக்கி நீரை வெளியே இழுத்துவிடும். பசளை எரித்துப்போட்டுது என்று எங்கள் ஆட்கள் சொல்வது அதைத்தான். கடலேரிக் கரையிலுள்ள வெண்கண்டலைக் காட்டவும் மறக்கவேண்டாம். அதன் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். வேரில் பெரும்பகுதி உப்பைத் தடுத்து, தப்பி உள்ளே வந்ததை இலையினூடாக வெளியேற்றி, உவர்நீரிலேயே அது வாழ்கிறது.

ஜீவனிப் பக்கற்

நான் அதிக நேரம் செலவிடுவது இந்தப் பகுதியில். வயிற்றோட்டம் பிடித்த தம்பிக்கு ஜீவனிப் பக்கற்றை அரை லீற்றரில் கரைத்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கேட்டால், வகுப்பில் பெரும்பாலானோர் கெதியில் சுகம் வரும், மருந்து கடுமைதானே என்பார்கள். வீட்டில் பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2002 இல் பரிந்துரைத்த வாய்வழி நீரேற்றக் கரைசலின் செறிவு லீற்றருக்கு 245 மில்லியொஸ்மோல். கரைந்திருக்கும் துணிக்கைகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு அது. எமது குருதி ஏறத்தாழ 290. கரைசல் குருதியை விடக் கொஞ்சம் ஐதானது, ஆகவே நீர் குடலிலிருந்து குருதிக்குப் போகும். அதே பக்கற்றை அரை லீற்றரில் கரைத்தால் 490 ஆகிறது. இப்போது எந்தப் பக்கம் கூட? நீர் எந்தப் பக்கம் போகும்? கரும்பலகையில் இந்த மூன்று இலக்கங்களையும் எழுதிவிட்டுச் சோக்கட்டியை ஒரு மாணவரிடம் கொடுத்துவிடுங்கள். அம்புக்குறியை அவர் குருதியிலிருந்து குடலை நோக்கிப் போடுவார். பேதி கூடும். உப்பு அளவுக்கு மீறிச் சேர்வது சிறுபிள்ளைக்கு வேறு ஆபத்தையும் தரும். இரண்டு லீற்றரில் கரைத்தால் திசை சரிதான், ஆனால் இழந்த உப்பு ஈடாகாது, உறிஞ்சலும் குறையும். பக்கற்றில் எழுதிய அளவு ஒரு லீற்றர் என்றால் ஒரு லீற்றர்தான். 500 மில்லிலீற்றர்த் தண்ணீர்ப் போத்தலில் சரியாக இரண்டு. கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும், கரைத்த பின் சூடாக்கக் கூடாது, 24 மணித்தியாலத்துக்குப் பின் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். பக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் நீருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். சோடா கொடுப்பது ஏன் தவறு என்பதையும் மாணவரே சொல்வார்: அதில் சீனி மிகக் கூட.

சீனி ஏன் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. குடற்கலங்கள் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளெடுக்கின்றன. அவை உள்ளே போனதும் நீர் பிரசாரணத்தால் பின்தொடர்கிறது. வாந்திபேதியிலும்கூட இந்த வழி அடைபடுவதில்லை.

இந்த அறிவு பெருமளவில் உயிர் காத்தது ஓர் அகதி முகாமில்தான். 1971 இல் வங்கதேசப் போரிலிருந்து தப்பி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தின் எல்லையிலுள்ள போங்கான் முகாமில் வாந்திபேதி பரவியது. சேலைன் போத்தல்கள் முடிந்துபோயின. ஏற்றுவதற்குப் பயிற்சி பெற்றவர்களும் போதவில்லை. அங்கே பணிபுரிந்த வைத்தியர் திலீப் மகலனாபிஸ் உப்பு, அப்பச்சோடா, குளுக்கோசு மூன்றையும் அளந்து கலந்து, பெரிய கொள்கலன்களில் கரைத்து, நோயாளியின் உறவினர்களிடமே குவளைகளைக் கொடுத்தார். தாய்மாரும் சகோதரர்களும் பருக்கினார்கள். 30 வீதம் வரை இருந்த இறப்பு, அந்தக் கரைசல் கொடுக்கப்பட்டவர்களிடையே 3.6 வீதமாகக் குறைந்தது. 2022 இல் மறைந்த மகலனாபிஸின் பெயர் எமது பாடநூலில் இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு அந்தக் குவளையை விளக்கத் தேவையில்லை.

மே மாதத்தில் கோயில் வாசல்களிலும் சந்திகளிலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கப்படும்போது, அதைப் பற்றியும் கேள்வி வரும். அரிசியும் நீரும், கிடைத்தபோது உப்பும். பிரசாரண அமுக்கத்தைத் தீர்மானிப்பது துணிக்கைகளின் எண்ணிக்கை, நிறை அல்ல. மாப்பொருள் மூலக்கூறு மிகப் பெரியது. ஒரு கிராம் மாப்பொருளில் இருக்கும் மூலக்கூறுகள் ஒரு கிராம் குளுக்கோசில் இருப்பதை விட மிகமிகக் குறைவு. ஆகவே கஞ்சி குடலுக்குள் நீரை இழுப்பதில்லை. குடலில் சிறிது சிறிதாக உடைந்து குளுக்கோசாகி உப்போடு சேர்ந்து உள்ளே போகிறது. அரிசியை அடிப்படையாகக் கொண்ட நீரேற்றக் கரைசல்கள் வாந்திபேதிக்கு மருத்துவத்திலும் பயன்படுகின்றன. இதை நான் பரிசோதனையாகச் செய்வதில்லை, வினாவாகக் கேட்பதுமில்லை. கேட்கும் பிள்ளைக்கு விடையாக மட்டும் சொல்கிறேன்.

கடல்நீரைக் குடித்தால் தாகம் ஏன் கூடுகிறது என்பதற்கும் இலக்கங்கள் போதும். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 வீதம். எமது சிறுநீரகம் சிறுநீரில் ஏறத்தாழ 2 வீதத்துக்கு மேல் உப்பைச் செறிவாக்க முடியாது. ஒரு லீற்றர் கடல்நீரின் உப்பை வெளியேற்ற ஒரு லீற்றரை விடக் கூடுதலான நீர் உடலிலிருந்து போகவேண்டும். தொழிலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் இதை உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

பின்னோக்கித் தள்ளுதல்

கடைசியாக ஆர்.ஓ. தண்ணீர். வவுனியா முதல் முல்லைத்தீவு வரை, சிறுநீரக நோய்ப் பயத்தில் சனங்கள் கான்களில் வாங்கிப் போகும் தண்ணீரின் பெயரிலேயே பிரசாரணம் இருக்கிறது. ஆர்.ஓ. என்பது பின்முகப் பிரசாரணம். கடல்நீரும் நன்னீரும் மென்சவ்வின் இரு பக்கத்தில் இருந்தால் நீர் கடல்நீர்ப் பக்கம் போகும். அதைத் தடுக்க ஏறத்தாழ 27 வளிமண்டல அமுக்கம் தேவை. 270 மீற்றர் உயரமான நீர்த்தூண் அழுத்துவதற்குச் சமம். அதற்கு மேலும் அழுத்தினால் திசை மாறி, நன்னீர் இந்தப் பக்கம் வரும். நிலையங்களில் 55 முதல் 70 வரை கொடுக்கிறார்கள். மின்சாரச் செலவு எங்கிருந்து வருகிறது என்பது இப்போது விளங்கும்.

இரணைமடுவிலிருந்து குடாநாட்டுக்கு நீர் கொண்டுபோவதைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த பிறகு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் அமைந்த கடல்நீர் நன்னீராக்கல் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீருக்காகக் கட்டப்பட்டது. இவ்வகை நிலையங்களில் உள்ளே எடுக்கும் கடல்நீரில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, கூடிய உப்போடு கடலுக்கே திரும்பிப் போகிறது. அப்பகுதிக் கடற்றொழிலாளர்கள் அஞ்சியதும் இதைத்தான்.

"அந்தத் தண்ணி விழுற இடத்தில மீன் குஞ்சுகளுக்கு என்ன நடக்கும் சேர்?" என்று போன தவணையில் ஒரு மாணவன் கேட்டான். இது முழுக்க முழுக்கப் பிரசாரண வினா. கடல் மீனின் உடல் கடல்நீரை விட ஐதானது. அது ஓயாமல் நீரை இழக்கிறது. ஆகவே கடல்நீரைக் குடித்து, மேலதிக உப்பைப் பூக்களால் வெளியேற்றுகிறது. குளத்து மீனுக்கு நேர்மாறு. நீர் தானாகவே உள்ளே வரும், அது குடிப்பதில்லை, ஐதான சிறுநீரை நிறையக் கழிக்கிறது. வெளியே உப்புக் கூடக் கூட, கடல் மீனின் பூக்களுக்கு வேலை கூடும். பெரிய மீன் நீந்தி விலகிவிடலாம். முட்டையும் குஞ்சும் அப்படி விலக முடியாது. எவ்வளவு உப்புக் கூடினால் எந்த இனத்துக்குத் தாங்காது என்பதை அளந்துதான் சொல்லவேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன். அடுத்த வாரம் அவன் இரண்டு போத்தல்களில் கடல்நீர் கொண்டுவந்தான். ஒன்று நிலையத்துக்குக் கிட்ட எடுத்தது, மற்றது தங்கள் கரையில் எடுத்தது. ஒவ்வொன்றிலும் 100 மில்லிலீற்றரை வெயிலில் வற்றவிட்டு, மிஞ்சும் உப்பை நகைக்கடைத் தராசில் நிறுப்பதாக ஏற்பாடு.